பி.ஓ.வி. செற் பண்ணும்போது வக்யூம் மீற்றரைப் பாருங்கள்

"பாஸ், இந்தச் சத்தம் காணா. கொஞ்சம் லூஸ் பண்ணி விடுங்க." கல்லடியிலும் சரி, கல்முனையிலும் சரி, டர்போ கார் ஒன்று கராஜுக்குள் வந்தால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பொனற்றைத் திறந்து, மிஞ்சிய டர்போ காற்றை விடுகிற புளோ ஓஃப் வால்வின் (பி.ஓ.வி.) தலையில் இருக்கும் ஸ்குரூவை இரண்டு சுற்றுக் கழற்றி, அந்த இடத்திலேயே ஒருதரம் ரேஸ் பண்ணிக் காட்டுவார்கள். 'புஷ்' என்று சத்தம் வரும். வாகனக்காரர் சந்தோஷமாகப் போவார். ஒரு கிழமைக்குள் அதே கார் திரும்பி வரும். சந்தியில் கிளச்சை மிதித்தால் என்ஜின் நிற்கிறது, ஐட்லிங் ஏறி இறங்குகிறது, முன்போல இழுவை இல்லை என்பார். பிளக் மாற்றி, பெற்றோல் பில்டர் மாற்றி, சென்சர் மாற்றிப் பணம் செலவழிந்த பிறகும் பலருக்கு அந்த இரண்டு சுற்று ஞாபகத்துக்கு வருவதில்லை.

நின்ற இடத்தில் ரேஸ் பண்ணிப் பார்த்து பி.ஓ.வி. செற் பண்ண முடியாது. சுமை இல்லாத என்ஜினில் டர்போ பூஸ்ட் (மேலதிகக் காற்றழுத்தம்) கட்டுவதே அரிது. அந்த நேரத்தில் வருகிற சத்தத்தை வைத்து வால்வு சரியாக வேலை செய்கிறதா என்று சொல்ல வழியில்லை. அளவுகோல் வேறு ஒன்று இருக்கிறது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற இன்டேக் மெனிபோல்டில் இருக்கிற வக்யூம், அதாவது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்தான் அது. அதை ஒரு மீற்றரில் பார்த்துக்கொண்டு ஸ்குரூவைத் திருப்பினால் இருபது நிமிட வேலை.

வால்வின் வேலை சின்னது. டர்போ காற்றை அழுத்தி இன்டர்கூலர் வழியாகத் திரொட்டிலுக்கு அனுப்புகிறது. ஓட்டுபவர் திடீரென்று அக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், என்ஜினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்தும் திரொட்டில் தட்டு மூடிக்கொள்ளும். ஆனால் டர்போவின் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். போக இடமில்லாத காற்று திரும்பி, கம்பிரசர் சக்கரத்தின் மேலேயே மோதும். புறா சிறகடிக்கிற மாதிரிப் 'படபட' என்று கேட்பது அந்த மோதல்தான். சக்கரம் மெதுவாகிவிடுவதால் அடுத்த கியரில் பூஸ்ட் வரச் சுணங்கும். அடிக்கடி பலமாக நடந்தால் டர்போவின் திரஸ்ட் பெயாரிங்கில் சுமை ஏறும். பி.ஓ.வி. அந்தக் காற்றுக்கு ஒரு கதவு. வெளியே விட்டால் ஒரு வகை. ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் திருப்பி விட்டால் இன்னொரு வகை. பூஸ்ட்டின் அளவை இது கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அது, டர்போவைச் சுற்றுகிற புகையில் ஒரு பகுதியை விலக்கி விடும் வேஸ்ட்கேட்டின் வேலை. ஸ்குரூவை இறுக்கினால் பவர் கூடும் என்று சொல்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதைக் கணக்காகப் பார்ப்போம். இது விளங்கினால் மீதி எல்லாம் கைவேலை. வால்வின் மேல் அறைக்கு மெனிபோல்டில் இருந்து ஒரு மெல்லிய ஹோஸ் வருகிறது. கீழ்ப்பக்கத்தில் இன்டர்கூலர் குழாயின் அழுத்தம் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வால்வைத் திறக்கப் பார்க்கும், ஸ்பிரிங் மூடப் பார்க்கும். சூடான, நல்ல நிலையில் உள்ள என்ஜின் ஐட்லிங்கில் 18 இன்ச் (பாதரச அளவு) வக்யூம் காட்டுகிறது என்று வையுங்கள். அது ஏறத்தாழ 61 கிலோபாஸ்கல். குழாயில் பூஸ்ட் இல்லை. ஆக, வித்தியாசம் 61. முழு அக்ஸிலேட்டரில் 0.8 பார், அதாவது 80 கிலோபாஸ்கல் பூஸ்ட்டில் ஓடும்போது மேலேயும் 80, கீழேயும் 80. வித்தியாசம் கிட்டத்தட்டப் பூச்சியம். ஸ்பிரிங் தனியாகவே மூடி வைத்திருக்கும். அரை அக்ஸிலேட்டரில் குழாயில் 50, மெனிபோல்டில் 20 இருக்கலாம். வித்தியாசம் 30. சடாரென்று காலை எடுத்த கணத்தில் கீழே 80 அப்படியே இருக்க, மேலே வக்யூம் 20 இன்ச் வரை இறங்கும். அது 68 கிலோபாஸ்கல். இரண்டும் சேர்ந்து 148.

ஆக, ஐட்லிங்கின் 61ஐத் தாங்கி, அதற்குச் சற்று மேலே திறக்கிற மாதிரி ஸ்பிரிங்கை வைத்தால் காலை எடுக்கும்போது வருகிற 148க்கு அது தாராளமாகத் திறக்கும். அரை அக்ஸிலேட்டரின் 30க்கு அசையாது. இரண்டு சுற்றுக் கழற்றி 25க்குக் கொண்டு வந்துவிட்டால் அந்த 30க்கே வால்வு வாயைத் திறந்துவிடும். இழுவை குறைந்த கதை அதுதான். மறுபக்கம், 'லீக் வரக்கூடாது' என்று கடைசி வரை இறுக்கினால் சின்னப் பூஸ்ட்டில் திறக்காமல் படபடக்கும். மேல் அறையின் டயாபிரம் (ரப்பர் சவ்வு) வால்வுக் கதவை விடப் பெரிதாக இருக்கும் வகைகளில் எண்கள் கொஞ்சம் மாறும். முறை மாறாது.

ஸ்குரூவைத் தொடுவதற்கு முன் கார் எந்த இனம் என்று தெரியவேண்டும். என்ஜினுக்குள் போகிற காற்றை ஏர் பில்டருக்குப் பக்கத்திலேயே அளக்கிற மீற்றர் உள்ள கார்கள் ஒரு இனம். சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ்., மிட்சுபிஷி லான்சர் எவலூஷனின் 4ஜி63, நிசான் எஸ்.ஆர்.20 டெற் எல்லாம் பெரும்பாலும் இதில் அடங்கும். இவற்றில் அளந்த காற்றை வெளியே விட்டால், கொம்பியூட்டர் அந்தக் காற்று உள்ளே போனதாக நினைத்துப் பெற்றோலை ஊற்றும். காலை எடுத்ததும் சைலன்சரில் கறுப்புப் புகை, 'டப்' என்ற வெடிப்பு, சந்தியில் என்ஜின் நிற்பது எல்லாம் இதனால்தான். இந்த இனத்துக்கு எங்கள் சிபாரிசு ஒன்றே ஒன்று: காற்றைத் திருப்பி டர்போ வாய்க்கு முன்னால் விடுகிற வால்வைப் பாவியுங்கள். பாதியை வெளியே விட்டுப் பாதியைத் திருப்புகிற இரட்டை வாய் வால்வு கூட இதில் அரைத் தொல்லைதான்.

மெனிபோல்ட் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிற கார்கள் மற்ற இனம். ஸ்டார்லெட் கிளான்சாவின் 4ஈ-எப்.டி.ஈ., சுசுகியின் 660 சீ.சீ. கே6ஏ டர்போ போன்றவை. இவற்றில் வெளியே விட்டாலும் பெற்றோல் கணக்குக் கெடாது. ஆனால் ஐட்லிங்கில் வால்வு மூடியிருக்கவேண்டும் என்பது இரண்டு இனத்துக்கும் பொது. அதன் காரணத்தை நம் ஊர் மண்ணை வைத்துத்தான் சொல்லவேண்டும்.

வெளியே விடுகிற வால்வு ஐட்லிங்கில் திறந்திருந்தால் அது காற்றை விடும் வாயாக இல்லாமல் உறிஞ்சும் வாயாக மாறிவிடும். பில்டரும் டர்போவும் தாண்டி வருவதைவிட இந்த ஓட்டை சுலபமான வழி. காற்று சுலபமான வழியைத்தான் எடுக்கும். அப்படி வருகிற காற்று பில்டரைக் காணாது. கச்சான் அடிக்கிற மாதங்களில் காத்தான்குடி, ஆரையம்பதிக் கரையோரத்து மணலும், வெள்ளாமை வெட்டுக் காலத்தில் செங்கலடி, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல் வீதிகளில் மெஷின் கிளப்புகிற உமித் தூசும் நேரே சிலிண்டருக்குள் போகும். மாரியில் வெள்ளம் நிற்கிற வீதியில், பம்பருக்குக் கீழே பதிவாக மாட்டிய வால்வு திறந்திருந்தால் தண்ணீரும் போகும். சத்தத்துக்காக வால்வை லூஸாக விடுவதற்கு நாங்கள் இவ்வளவு எதிர்ப்பாக இருப்பது இதனால்தான். பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் தேய்ந்தால் அதைத் திருப்பி எடுக்க எந்த ஸ்குரூவும் இல்லை.

இரண்டு வகை வாகனங்களில் இந்த வேலையே இல்லை. டீசல் வேன், பிக்கப்புக்கு பி.ஓ.வி. கேட்டு வருகிறார்கள். டீசல் என்ஜினின் வேகத்தைத் திரொட்டில் தட்டு கட்டுப்படுத்துவதில்லை. டீசலின் அளவுதான் கட்டுப்படுத்துகிறது. புது டீசல்களில் ஒரு தட்டு இருக்கும், அது புகைச் சுழற்சிக்கும் என்ஜினை அமைதியாக நிறுத்துவதற்கும். ஆகவே காலை எடுத்தாலும் காற்று அடைபடாது. டீசலுக்கென்று விற்கிற கிட் ஒரு மின் சுவிட்ச்சை வைத்து நல்ல பூஸ்ட்டை வெளியே கொட்டுகிறது, வேறு பயன் இல்லை. தயவுசெய்து காசைச் செலவழிக்கவேண்டாம். அடுத்தது, வால்வுக்கு வயர் போகிற புதிய கார்கள். கொம்பியூட்டர் திறந்து மூடுகிற அந்த வால்வில் திருப்ப ஸ்குரூ கிடையாது. உள்ளே ரப்பர் கிழிந்தால் மாற்றுவது மட்டும்தான் வேலை. எச்.கே.எஸ். எஸ்.எஸ்.கியூ.வி.யும் ஸ்குரூ இல்லாத வால்வு. அது பூஸ்ட்டாலேயே மூடி வைக்கப்படுகிற வேறு அமைப்பு.

இனி வேலை. முதலில் ஹோஸ். மேல் அறைக்கு வருகிற ஹோஸ் திரொட்டிலுக்குப் பிறகு, மெனிபோல்டில் இருந்து நேரே வரவேண்டும். இன்டர்கூலர் குழாயில் இருந்து எடுத்தால் வால்வு வாழ்நாளில் திறக்காது. பெற்றோல் ரெகுலேட்டர், பூஸ்ட் மீற்றர் எல்லாம் தொங்குகிற ஒரே குழாயில் இதையும் சேர்த்தால் சமிக்ஞை பிந்தும். தனி வழி கொடுங்கள். உள்விட்டம் 4 முதல் 6 மில்லிமீற்றர், நீளம் முடிந்தவரை குறைவு, தடித்த சிலிக்கோன். மீன் தொட்டிக்குப் பாவிக்கிற பளிங்குக் குழாய் போட்ட கார்கள் நிறைய வருகின்றன. என்ஜின் சூட்டில் அது இளகி, வக்யூம் வரும்போது தட்டையாக ஒட்டிக்கொள்ளும். காலையில் நன்றாக வேலை செய்து மத்தியானம் படபடக்கிற கார் என்றால் முதலில் இந்தக் குழாயைத்தான் பிடித்துப் பார்க்கவேண்டும். ஹோஸ் கழன்றாலோ கிழிந்தாலோ இரண்டு பக்கமும் நட்டம்: காலை எடுக்கும்போது திறக்காது, பூஸ்ட் ஏறும்போது மேலே எதிர் அழுத்தம் இல்லாததால் திறந்துவிடும்.

அடுத்தது லீக் சோதனை. வேறு எங்காவது காற்றுப் போகிற காரில் பி.ஓ.வி.யைத் திருப்பிக்கொண்டிருப்பது வீண். இதற்கான கருவியை ஹாட்வெயார் கடைச் சாமானில் செய்யலாம். டர்போவின் உறிஞ்சு வாயை அளந்து, அதற்கு மாட்டியிருக்கும் ரப்பர் குழாய்க்குள் இறங்கக்கூடிய எஸ்லோன் (பி.வி.சி. குழாய்) எண்ட் கப் ஒன்று வாங்குங்கள். நடுவில் 11.5 மில்லிமீற்றர் துளை. ரயர்க்கடையில் டியூப்லெஸ் ரயருக்குப் போடுகிற டி.ஆர். 413 வால்வு இந்தத் துளைக்குச் சரியாக உட்காரும். அதன் உள் ஊசியைக் கழற்றிவிடுங்கள். கப்பைக் குழாய்க்குள் செருகி, ஹோஸ் கிளிப் இரண்டு போட்டு இறுக்குங்கள். என்ஜினின் மூச்சுக் குழாய் அந்த ரப்பர் குழாயில் சேர்ந்தால் அதைக் கழற்றி, வாயை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று ஒயில் சம்ப்புக்குள் போகும். ஒயில் மூடியையும் திறந்து வைப்பது நல்லது.

கொம்பிரசரில் ரெகுலேட்டரைப் பூச்சியத்தில் வைத்துத் தொடங்கி, மெதுவாக 10, 12 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் தேவையில்லை. கப்புக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். கிளிப் விட்டால் கப் துப்பாக்கி ரவை மாதிரி வரும். சவர்க்காரத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் பூசிக் குமிழியைப் பாருங்கள்.

இந்தச் சோதனையில் பலரும் பிழை விடுகிற இடம் ஒன்று. திரொட்டில் மூடியிருக்கும்போது குழாயில் 12 பி.எஸ்.ஐ. ஏற்றினால், மெனிபோல்டில் அழுத்தம் இல்லை. வால்வின் மேல் அறையும் வெறுமை. ஸ்பிரிங் மட்டும் தாங்கவேண்டியிருப்பதால் நல்ல வால்வும் திறந்து காற்று விடும். அதைப் பார்த்து "வால்வு பழுது" என்று புது வால்வு வாங்க வைப்பது அநியாயம். கேபிள் திரொட்டில் என்றால் அக்ஸிலேட்டரை மிதித்தபடி வையுங்கள். மெனிபோல்டும் நிரம்பி, மேல் அறைக்கும் அதே அழுத்தம் போகும். அப்போதும் பி.ஓ.வி. வாயில் குமிழி வந்தால் கதவு அல்லது ஓ-ரிங் பழுதுதான். சைலன்சரில் லேசாகக் காற்று வந்தால் பயப்படவேண்டாம், ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் திறந்த நிலையில் நிற்கிறது. கிராங்கைக் கொஞ்சம் திருப்பினால் மாறிவிடும்.

டயாபிரம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வக்யூம் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாமசியில் 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்கலாம். வால்வின் மேல் முனைக்குச் சின்ன ஹோஸ் துண்டால் சிரிஞ்சை இணையுங்கள். சிரிஞ்சின் தண்டு அடி வரை உள்ளே இருக்கவேண்டும். மெதுவாக இழுங்கள். சரியான வால்வில் கை கனக்கும், பாதி தாண்டியதும் கதவு மேலே தூக்குவது வாய்ப் பக்கமாகத் தெரியும். இழுத்த நிலையில் முப்பது செக்கன் பிடித்துவிட்டுக் கையை விடுங்கள். தண்டு ஏறத்தாழப் பழைய இடத்துக்கு ஓடிவந்தால் டயாபிரம் சுகம். இழுத்த இடத்திலேயே நின்றால் காற்று உள்ளே புகுந்துவிட்டது. கிழிசல் அல்லது மூடி விளிம்பில் லீக். பிஸ்டனும் ஓ-ரிங்கும் உள்ள வால்வுகள் இயல்பிலேயே கொஞ்சம் விடும். அவற்றில் தண்டு முழுதாகத் திரும்பாது, ஆனால் கதவு தடங்கலில்லாமல் ஏறி இறங்கவேண்டும். மலிவாக வருகிற பிரதி வால்வுகளில் பிஸ்டன் சுவரில் சுரண்டி நடுவழியில் நிற்பதை இந்தச் சோதனையில் கண்ணாலேயே காணலாம். அப்படிப்பட்டதை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். ஸ்குரூவால் அதைச் சரிசெய்ய முடியாது.

இப்போது செற்றிங். என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள், ரேடியேட்டர் பான் ஒருதரமாவது சுற்றி நிற்கட்டும். ஏ.சீ., லைட், ரேடியோ எல்லாம் ஓஃப். ஏ.சீ. போட்டால் வக்யூம் ஒன்றிரண்டு இன்ச் குறையும். ஐட்லிங்கில் வால்வை ஆக அதிகமாகத் திறக்கப் பார்க்கிற நிலை ஏ.சீ. இல்லாத நிலைதான், ஆகவே அதில்தான் செற் பண்ணவேண்டும். மெனிபோல்ட் ஹோஸில் 'டீ' (மூன்று வாய் இணைப்பு) போட்டு வக்யூம் மீற்றரை இணையுங்கள். முள் ஆடாமல் 17இல் இருந்து 20 இன்ச்சுக்குள் நிற்கவேண்டும். 15க்குக் கீழே, அல்லது முள் துள்ளிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். வேறு எங்கோ லீக், இக்னிஷன் கோளாறு அல்லது டைமிங் பிழை. அதைச் சரி பண்ணாமல் பி.ஓ.வி.யைத் தொட்டால் பிறகு இரண்டு தரம் வேலை. ரேஸுக்கான கேம் போட்ட என்ஜின்களில் வக்யூம் இயல்பாகவே குறைவு, அது தெரிந்திருந்தால் அந்த எண்ணையே அடிப்படையாக எடுங்கள்.

ஸ்குரூவின் தற்போதைய இடத்தில் பெயின்ற் புள்ளி ஒன்று வையுங்கள். லொக் நட்டைத் தளர்த்துங்கள். டிஷ்யூத் தாளில் இரண்டு விரல் அகலத் துண்டு கிழித்து வால்வின் வாயில் பிடியுங்கள். திருப்பி விடுகிற வகை என்றால், திருப்புக் குழாயைக் கழற்றி, குழாய்ப் பக்க வாயைத் துணியால் இறுக அடைத்துவிட்டு வால்வு வாயில் தாளைப் பிடிக்கவேண்டும். பான், பெல்ட் பக்கம் கையும் தாளும் போகாமல் பாருங்கள். இப்போது கால் சுற்றுக் கால் சுற்றாக ஸ்குரூவைத் தளர்த்துங்கள். ஒரு இடத்தில் தாள் வாயில் போய் ஒட்டும். வால்வு ஐட்லிங்கில் திறந்துவிட்டது. அங்கே நிறுத்தி, மறுபக்கம் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். தாள் ஒட்டாமல் விழுகிற இடம் வரும். அதுதான் மூடும் புள்ளி. அதற்கு மேல் அரைச் சுற்று இறுக்குங்கள். பத்துச் செக்கன் இடைவெளி விட்டு ஒவ்வொரு திருப்பத்தையும் பாருங்கள். ஐட்லிங் திரும்பிச் சமநிலைக்கு வர நேரம் எடுக்கும்.

ஸ்குரூவைக் கடைசி வரை தளர்த்தியும் தாள் ஒட்டவில்லை என்றால் ஸ்பிரிங் இந்தக் காருக்குக் கனம். பெட்டியில் மெல்லிய ஸ்பிரிங் வந்திருந்தால் மாற்றுங்கள். கடைசி வரை இறுக்கியும் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் மெலிவு, அல்லது கதவு அழுக்கில் சரியாக உட்காரவில்லை.

லொக் நட்டை இறுக்கும்போது அலன் கீயால் ஸ்குரூவை அசையாமல் பிடியுங்கள். நட் தன்னோடு சேர்த்து ஸ்குரூவையும் கால் சுற்றுத் திருப்பிவிடும். கவனமாகச் செற் பண்ணிவிட்டு இந்த இடத்தில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். இறுக்கிய பின் தாளை இன்னொரு தரம் பிடித்துப் பாருங்கள். ஸ்கேனர் இருந்தால் ஐட்லிங்கில் பெற்றோல் திருத்த அளவையும் பாருங்கள். காற்று மீற்றர் உள்ள காரில் அது கூட்டல் பத்து வீதத்தைத் தாண்டி நின்றாலோ பீ0171 கோட் (கலவையில் பெற்றோல் குறைவு என்ற எச்சரிக்கை) வந்தாலோ அளக்காத காற்று எங்கோ புகுகிறது. வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போகிற கார் என்றால் இதைப் பார்க்காமல் அனுப்பவேண்டாம்.

வீதிச் சோதனைக்குக் கல்முனை மட்டக்களப்பு வீதி சரிவராது. ஏறத்தாழ 40 கிலோமீற்றரும் ஊருக்கு மேல் ஊர். செங்கலடியில் இருந்து கரடியனாறு பக்கமாகப் போகிற ஏ5 வீதியில் காலையில் நேரான துண்டுகள் கிடைக்கும். மாலை மங்கினால் யானை இறங்குகிற பக்கம், வேலையை அதற்கு முன் முடியுங்கள். 70ஐத் தாண்டத் தேவையில்லை. இரண்டாம் கியரில் 3,000இல் இருந்து 4,500 சுற்று வரை முழு அக்ஸிலேட்டர் கொடுத்துச் சடாரென்று காலை எடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து பூஸ்ட் மீற்றரைப் பார்க்கட்டும். முள் வழமையான உச்சத்துக்குப் போகவேண்டும், காலை எடுத்ததும் ஒரே மூச்சாகக் காற்று வெளியேறி முடியவேண்டும். படபடப்புக் கேட்டால் கால் சுற்றுத் தளர்த்தி, தாள் சோதனையையும் திருப்பிச் செய்யுங்கள். மூடும் புள்ளி வரை வந்தும் முழுப் பூஸ்ட்டில் படபடத்தால் வால்வின் வாய் அந்த டர்போவுக்குச் சிறிது, அல்லது ஹோஸ் மெல்லியது.

2,000 சுற்றுக்குக் கீழே, லேசாக அழுத்திவிட்டுக் காலை எடுக்கும்போது வருகிற சின்னப் படபடப்புக்காக யாரும் தூக்கம் கெடவேண்டாம். அந்த அளவுக் காற்று டர்போவுக்குக் கேடு செய்யாது. அதையும் நிறுத்தவேண்டும் என்று தளர்த்திக்கொண்டே போனால் மணலுக்குக் கதவு திறப்பதாகத்தான் முடியும்.

மலைநாட்டில் இருந்து வாங்கிய கார் என்றால் இன்னொன்று கவனிக்கவேண்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு இன்ச் வக்யூம் மீற்றரில் குறையும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் 12, 13 இன்ச் காட்டுகிற என்ஜின் மட்டக்களப்பில் கடல் மட்டத்துக்கு வந்ததும் 18, 19 காட்டும். அங்கே மூடும் புள்ளி பார்த்து வைத்த ஸ்குரூ இங்கே ஐட்லிங்கில் திறந்தே கிடக்கும். காரில் ஒரு பழுதும் இருக்காது, ஐட்லிங் மட்டும் ஆடும். பண்டாரவளைக் காருக்கும் இது நடக்கும், கொஞ்சம் குறைவாக. கொழும்பில் இருந்து வருகிற காருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இங்கே செற் பண்ணிய கார் மலைக்குப் போனால் வால்வு சற்று இறுக்கமாக இருக்கும். நாலு நாள் பயணத்துக்கு அதைத் தொடவேண்டாம்.

கடலோரத்தில் வால்வு தானாகவும் மாறும். உப்புக் காற்றில் அலுமினிய உடம்பில் வெள்ளைத் தூள் பூத்து, ஸ்குரூ இறுகிப் பிடிக்கும், பிஸ்டன் சுரண்டத் தொடங்கும். மாரி முடிந்ததும் ஒருதரம் கழற்றுங்கள். மூடியைத் திறக்கும்போது கையால் அழுத்திப் பிடித்தபடி ஸ்குரூக்களைக் குறுக்குக் குறுக்காகத் தளர்த்தவேண்டும், உள்ளே ஸ்பிரிங் காத்திருக்கிறது. உள்சுவரைப் பஞ்சில்லாத துணியால் துடைத்து, பிஸ்டனுக்கும் ஓ-ரிங்குக்கும் சிலிக்கோன் கிறீஸ் மெல்லிய பூச்சு. பெற்றோலோ துரு கழற்றும் ஸ்பிரேயோ டயாபிரத்தில் படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். சாதாரண கிறீஸ் தூசைப் பிடித்துவைக்கும், வேண்டாம். இறுகிய லொக் நட்டுக்கு மட்டும் வெளியில் ஒரு துளி ஸ்பிரே விட்டு இரவு முழுக்க வைத்தால் காலையில் ஸ்பனருக்கு வரும். பூட்டிய பின் பெயின்ற் புள்ளி பழைய இடத்தில் நின்றாலும் தாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியதும் லொக் நட்டையும் ஹோஸ் கிளிப்புகளையும் இன்னொரு தரம் கைவைத்துப் பார்த்துவிடுங்கள்.